43 விகலை: கோள்கள் வைத்த பரீட்சை

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சாப்பாட்டுக்கு முன்னாடி அரை மணி நேரம் இருக்கு. இயற்பியல் பத்திப் பேசுங்க. ஆனா பி.காம். படிச்சவங்களுக்கும் புரியணும்" என்று செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். எனவே சூத்திரம் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஈர்ப்பு விதி சரியா, தவறா என்று எப்படிச் சோதிப்பது? பூமியையோ சூரியனையோ தூக்கி லேபில் வைத்து அளக்க முடியாது. அதனால் இயற்பியலாளர்கள் கோள்களையே சோதனைச் சாலையாக வைத்துக்கொண்டார்கள்.

கணக்கும் வானமும்

கோளின் பாதையைக் கணக்கிடுவது நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு வீட்டிலும் பஞ்சாங்கம் இருக்கிறது. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17 அன்று சனிப்பெயர்ச்சி. வாக்கியப்படி, திருநள்ளாறு கோயிலில் அதே பெயர்ச்சி 2023 டிசம்பர் 20 அன்று. ஒரே சனி, ஒரே வானம். தேதிகளுக்கு நடுவே 11 மாத இடைவெளி! எந்தத் தேதியில் விளக்கேற்றுவது என்பது நம்பிக்கை சார்ந்தது. அதில் நான் நுழையவில்லை. ஆனால் 'சனி இன்றிரவு எங்கே இருக்கிறது?' என்ற கேள்விக்கு நடுவர் ஒருவர்தான். அவர் வானத்தில் இருக்கிறார்.

இதை நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஊருக்குச் சொன்ன ஒரு மனிதர் சென்னையில் இருந்தார். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. கண்ணால் பார்த்ததோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்குப் புரியும்படி நம் நாட்டு மொழிகளில் சிறு நூல் எழுதினார். கணக்கை வானத்தோடு ஒப்பிட்டுப் பார், ஒத்துவராவிட்டால் கணக்கைத் திருத்து: அவர் வழி இதுதான்.

ஆனால் ஒத்துவராதபோது எதைத் திருத்துவது? கையில் இருக்கும் எண்ணையா, விதியையா, அல்லது நம் கண்ணுக்குத் தப்பிய ஏதோ ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதா? கதை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மகாபலிபுரத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை அருகே நின்று, கையால் தாங்குவது போல போட்டோ எடுத்துக்கொள்கிறோம். அவ்வளவு பெரிய பாறை சரிவில் உருளாமல் நிற்கிறதே, அங்கே புவியீர்ப்பு வேலை செய்யவில்லையா? எந்த இயற்பியல் வாத்தியாரும் அப்படிச் சொல்ல மாட்டார். பாறையின் எடை மையம் எங்கே, அடியில் தொடும் பரப்பு எவ்வளவு, உராய்வு எவ்வளவு என்று முதலில் பார்ப்பார். விடை அங்கேயே கிடைத்துவிடும். விசித்திரமாக ஒன்றைக் கண்டவுடன் விதியைக் குறை சொல்லக் கிளம்பக் கூடாது. அதே சமயம், எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகும் ஒரு மிச்சம் நின்றால், அதை மறைக்கவும் கூடாது.

ஒரே நோய், இரண்டு மருந்து

19-ஆம் நூற்றாண்டில் இரண்டு கோள்கள் நியூட்டனின் கணக்குக்கு அடங்க மறுத்தன. ஒன்று யுரேனஸ், மற்றொன்று புதன்.

யுரேனஸ் கணக்கிட்ட இடத்தில் இல்லாமல் சற்று விலகிப் போய்க்கொண்டிருந்தது. பிரான்ஸ் நாட்டு லெவெரியே, 'விதி சரிதான், நமக்குத் தெரியாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது' என்று முடிவு செய்து, அந்தக் கோள் எங்கே இருக்க வேண்டும் என்றும் பேப்பரிலேயே கணக்குப் போட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் கல்லே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. நியூட்டனுக்கு அதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன வேண்டும்!

அதே லெவெரியே 1859-இல் புதனின் கணக்கை வெளியிட்டார். புதன் சூரியனைச் சுற்றுவது நீள்வட்டத்தில். ஒரு கோடியில் சூரியனுக்கு 4.6 கோடி கி.மீ. வரை வரும், மறு கோடியில் ஏறக்குறைய 7 கோடி கி.மீ. வரை விலகும். தூரம் இரட்டித்தால் இழுப்பு நாலில் ஒன்று என்பது நியூட்டன் விதி. சூரியனும் புதனும் மட்டும் இருந்தால், அந்த விதிப்படி நீள்வட்டம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மற்றக் கோள்கள் இழுப்பதால் அந்த நீள்வட்டமே மெல்லத் திரும்புகிறது. வாசலில் ஒரே இதழைச் சற்றுச் சற்றுத் திருப்பிப் போட்டால் பூக்கோலம் வருமே, அந்த மாதிரி.

எவ்வளவு திரும்புகிறது? நூறு ஆண்டுக்கு ஏறக்குறைய 575 விகலை. (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை.) வெள்ளியின் பங்கு சுமார் 278, வியாழனுடையது சுமார் 154, பூமியின் பங்கு 90, மற்றவை 10 என்று கூட்டினால் 532 வருகிறது. மிச்சம் 43 விகலை. லெவெரியே முதலில் 38 என்றார். அமெரிக்காவின் நியூகோம்ப் 1882-இல் 43 என்று திருத்தினார்.

43 விகலை என்றால் எவ்வளவு என்று நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். திருக்கழுக்குன்றம் மலைமேல் நின்று கிழக்கே மகாபலிபுரம் கலங்கரை விளக்கத்தைக் குறிபார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவே ஏறக்குறைய 15 கி.மீ. அங்கே பத்தடி தள்ளி இன்னொரு குறி வைத்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் 43 விகலை. அதுவும் நூறு ஆண்டுக்கு! ஒரு ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர்தான். 'போகட்டும், தூசு' என்று தட்டிவிட்டிருக்கலாம். லெவெரியே தட்டிவிடவில்லை.

யுரேனஸுக்குக் கொடுத்த அதே மருந்தைத்தான் அவர் புதனுக்கும் கொடுத்தார். சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் ஒளிந்திருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. கிரகணம் வரும்போதெல்லாம் தேடினார்கள். வல்கன் கிடைக்கவில்லை. இல்லாத கோள் எப்படிக் கிடைக்கும்?

அடுத்து ஆசாப் ஹால் 1894-இல் விதியிலேயே கை வைத்தார். தூரத்தின் அடுக்கு 2 அல்ல, 2.00000016 என்று எடுத்துக்கொண்டால் புதனின் மிச்சம் சரியாகிவிடும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விதி என்றால் எல்லோருக்கும் ஒரே விதிதானே? அதே எண்ணை நிலாவுக்குப் போட்டுப் பார்த்தபோது, நிலாவின் பாதை ஒத்துவரவில்லை. ஒரு இடத்து ஓட்டையை அடைக்க ஒட்டுப் போட்டால் இன்னொரு இடத்தில் கிழியும். கோள்களின் கணக்கில் இதுதான் பெரிய சௌகரியம்; ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

1915 நவம்பர் 18 அன்று ஐன்ஸ்டைன் பெர்லினில் தன் புதிய ஈர்ப்புக் கொள்கையிலிருந்து புதனின் கணக்கைச் சமர்ப்பித்தார். புதிய கோள் இல்லை, இஷ்டத்துக்குத் திருகும் எண் எதுவும் இல்லை. விடை தானாக 43 என்று வந்தது. ஐம்பத்தாறு ஆண்டுகள் மேசை மேல் கிடந்த மிச்சத்துக்குச் சொந்தக்காரர் வந்து சேர்ந்தார்.

யுரேனஸுக்கும் புதனுக்கும் நோய்க்குறி ஒன்றே. ஒன்றில் விதி சரி, பொருள் மறைந்திருந்தது. மற்றொன்றில் மறைந்த பொருள் இல்லை, விதிதான் போதவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எது எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மாணவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்க்கட்சிக்கும் இடம் உண்டு

ஐன்ஸ்டைன் சொல்லிவிட்டார் என்று உலகம் கைகட்டி நின்றுவிடவில்லை. நம் நாட்டிலேயே சோதித்தார்கள். கொடைக்கானல் வானாய்வகத்தில் எவர்ஷெட், சூரிய ஒளியின் நிறமாலைக் கோடுகள் ஐன்ஸ்டைன் சொன்ன அளவுக்குச் சிவப்புப் பக்கம் நகர்கின்றனவா என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார். 1930-களில் அலகாபாத் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஷா முகமது சுலைமான், பகலில் தீர்ப்பு எழுதிக்கொண்டே, ஐன்ஸ்டைனுக்கு மாற்றாக ஒரு ஈர்ப்புக் கொள்கையை உருவாக்கினார். சூரியன் அருகே ஒளி எவ்வளவு வளையும் என்று ஐன்ஸ்டைனைவிட அதிகமாக ஒரு எண்ணைத் துணிந்து சொன்னார். பிற்கால அளவுகள் ஐன்ஸ்டைன் பக்கமே நின்றன. அதனால் நீதிபதி கேலிக்குரியவர் ஆகிவிடமாட்டார். எண் சொன்னதால்தான் அவரைச் சோதிக்க முடிந்தது. 'எங்கேயோ தப்பு இருக்கு' என்று மட்டும் சொல்பவரைச் சோதிக்கவே முடியாது.

பெரிய ஆபத்து 1967-இல் வந்தது. அமெரிக்காவின் டிக்கி, சூரியன் சரியான உருண்டை இல்லை, நடுவில் சற்றுப் பருத்திருக்கிறது என்று அளந்து சொன்னார். அப்படியானால் 43-இல் மூன்று நான்கு விகலை அந்தப் பருமனால் வருவது. ஐன்ஸ்டைனுக்கு மிஞ்சுவது 39 அல்லது 40-தான். அது டிக்கியும் பிரான்ஸும் முன்வைத்திருந்த போட்டிக் கொள்கைக்குச் சாதகம்! இதைத் தீர்க்கச் சூரியனின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. சூரியன் மணி அடித்தது போல அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த அதிர்வை இரவு பகல் இடைவெளி இல்லாமல் பார்க்க, உலகைச் சுற்றி ஆறு நிலையங்கள் அமைத்தார்கள். அதில் ஒன்று நம் உதய்ப்பூர். அதிர்வுகளை வைத்துச் சூரியனின் உட்சுழற்சியைக் கணித்ததில், அந்தப் பருமனால் வருவது நூறு ஆண்டுக்கு 0.03 விகலை அளவே என்று தெரிந்தது. ஐன்ஸ்டைன் தப்பித்தார். ஆனால் பாருங்கள், ஈர்ப்பு விதியைச் சோதிக்கப் போனவர்கள் சூரியனின் வயிற்றைப் படிக்க வேண்டி வந்தது!

இன்றைய கணக்கு

தொலைநோக்கியால் கோணம் அளந்த காலம் போய், இப்போது ரேடியோ அலையை அனுப்பித் தூரத்தையே அளக்கிறார்கள். 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களுக்கு அனுப்பிய அலை, சூரியனை ஒட்டிப் போய்த் திரும்பும்போது விநாடியில் பத்தாயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் தாமதித்தது. ஐன்ஸ்டைன் கொள்கை சொன்ன அளவோடு அது ஆயிரத்தில் ஒரு பங்குப் பிழைக்குள் ஒத்துப்போனது. 2002-இல் காசினி கலம் சனியை நோக்கிப் போகும் வழியில் செய்த சோதனையில் பிழை லட்சத்தில் இரண்டு பங்குக்கு வந்துவிட்டது. 2011 முதல் 2015 வரை மெசஞ்சர் கலம் புதனைச் சுற்றியது, கோடிக்கணக்கான கி.மீ. தூரத்தை ஒரு மீட்டர் அளவு நுட்பத்தில் அளந்தார்கள். அதிலிருந்து ஐன்ஸ்டைனின் பங்கு 42.98 விகலை என்று கிடைத்திருக்கிறது. பிழை, ஒரு விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்தக் கணக்குகளை அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா என்று மூன்று நாட்டுக் குழுக்கள் தனித்தனியே போடுகின்றன. சூரியன், கோள்கள், நிலா மட்டும் போதாது. 343 சிறுகோள்களின் இழுப்பையும் அமெரிக்கக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். சிறுகோள் என்றதும் சென்னையைச் சொல்லாமல் போக முடியாது. ஆசியக் கண்டத்திலிருந்து முதலில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் நுங்கம்பாக்கத்தில் கிடைத்தது. 1861-இல் போக்சன் அதைக் கண்டு 'ஆசியா' என்றே பெயரிட்டார்.

'எல்லாம்தான் ஒத்துப்போகுதே, இனி என்ன வேலை?' என்று கேட்கலாம். வேலை இனிமேல்தான். விண்மீன் மண்டலங்களின் ஓரத்தில் உள்ள விண்மீன்கள், நம் கண்ணுக்குத் தெரியும் பொருளின் இழுப்புக்கு மீறிய வேகத்தில் சுற்றுகின்றன. மறுபடியும் அதே நோய்க்குறி! தெரியாத கரும்பொருள் இழுக்கிறது என்கிறார்கள் பெரும்பாலோர்; அது நெப்டியூன் மருந்து. மிக மெல்லிய ஈர்ப்பில் விதியே மாறுகிறது என்கிறார்கள் சிலர். அது புதன் மருந்து. இரண்டாவது கட்சி சரியென்றால், சனியின் பாதையில் ஒரு சிறு விலகல் தெரிய வேண்டும். 2004 முதல் 2017 வரை காசினி சனியைச் சுற்றியபோது கிடைத்த தூர அளவுகளில் அந்த விலகல் தென்படவில்லை. அதனால் அந்தக் கட்சியின் பல வடிவங்கள் நெருக்கடியில் இருக்கின்றன. கரும்பொருள் கட்சிக்கோ, தேடும் துகள் இன்னும் கையில் சிக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

நம்மவர்களும் இதில் இருக்கிறார்கள். புனே அருகே உள்ள பெரிய ரேடியோ தொலைநோக்கியை வைத்துத் துடிவிண்மீன்களின் துடிப்பை அளக்கும் இந்தியக் குழுவில், சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. 2023-இல் ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து, மிக நீண்ட ஈர்ப்பு அலைகளின் அறிகுறியை வெளியிட்டார்கள். அந்தத் துடிப்புகளின் நேரத்தைச் சரியாகச் சொல்ல, பூமி எங்கே நிற்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். வியாழனின் பாதையில் சிறு ஐயம் இருந்தாலே கணக்கு ஆடிவிடும். கோள்களின் பஞ்சாங்கம் அங்கேயும் தேவைப்படுகிறது.

980-ஆ, 978-ஆ?

இப்போது மாணவர்களோடு மட்டும் கொஞ்சம் பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்குப் பிராக்டிகல் தேர்வின் வெளித் தேர்வாளராகப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு மாணவி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கத்தை 977.9 என்று கண்டுபிடித்து, அதை அடித்துவிட்டு 980.2 என்று எழுதியிருந்தாள்.

"ஏம்மா அடிச்சே?"

"980 வரணும் சார். வரலைன்னா ரிப்பீட் பண்ணச் சொல்லுவாங்க."

நான் அடித்த எண்ணுக்குத்தான் மதிப்பெண் போட்டேன். காரணம் இருக்கிறது. 980 என்பது உலகத்துக்குப் பொதுவாக முழுமையாக்கிய எண். பூமி துருவத்தில் சற்றுத் தட்டை, நிலநடுக்கோட்டுப் பக்கம் பருத்தது, சுழல்வதும் சேர்ந்துகொள்கிறது. அதனால் நம் பக்கம் இழுப்பு குறைவு. செங்கல்பட்டில் அது 978.3 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். நம் லேப் ஊசலில் ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம், அது வேறு. ஆனால் அந்தப் பெண் உண்மையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள், பயத்தில் தள்ளிப் போய்விட்டாள்.

இதை நம் மண்ணில் அளந்து அச்சிட்டு இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம் 1821-இல், ஒரு நொடிக்கு ஒரு முறை அசையும் ஊசலின் நீளத்தை அளந்தார். லண்டனில் அது சுமார் 39.14 அங்குலம், சென்னையில் சுமார் 39.03 அங்குலம். வித்தியாசம் ஒரு அங்குலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. லண்டன் எண்ணோடு பொருந்தவில்லையே என்று அவர் திருத்தியிருந்தால்? லண்டனில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரம் சென்னைக்கு வந்தால் நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் ஏன் பின்தங்குகிறது என்பதற்கு விடையே இருந்திருக்காது. இன்னொரு செய்தியும் உண்டு. மகாபலிபுரச் சிற்பங்களைப் பற்றி 1798-இலேயே ஆய்வு இதழில் கட்டுரை வெளியிட்டவரும் இதே கோல்டிங்ஹாம்தான். கல்லையும் உள்ளபடி பார்த்தார், ஊசலையும் உள்ளபடி பார்த்தார்.

லெவெரியே 43 விகலையைச் 'சமைத்து' மறைத்திருந்தால், ஐன்ஸ்டைனின் கொள்கை பிறந்த அன்று அதற்குச் சாட்சி சொல்ல வானத்தில் ஆள் இருந்திருக்காது. உங்கள் ரெக்கார்ட் நோட்டில் எழுதும் எண்ணுக்கு அவ்வளவு பெரிய யோகம் வராமல் போகலாம். ஆனால் பழக்கம் ஒன்றுதான். நாளைக்குக் கல்பாக்கத்தில் வேலைக்குச் சேர்வீர்கள், மருந்துக் கம்பெனியில் சேர்வீர்கள், பாலம் கட்டுவீர்கள். அங்கே எழுதும் எண்ணை நம்பி மனிதர்கள் இருப்பார்கள். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 980 வந்ததா என்று கேட்காதீர்கள், எப்படி அளந்தாய், எவ்வளவு தவறு வரலாம் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு அழைப்பு. 2003 மே 7 அன்று பகலில் புதன் சூரியனைக் கடந்தது நம் ஊரிலிருந்து முழுவதும் தெரிந்தது. அடுத்த கடப்பு 2032 நவம்பர் 13, சனிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி மாலை நாலரை மணி அளவில் முடியும். வடகிழக்குப் பருவமழை வழிவிட்டால் செங்கல்பட்டில் முழுக் கடப்பையும் பார்க்கலாம். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கவே கூடாது. புதனின் புள்ளி சூரிய வட்டத்தில் இருநூறில் ஒரு பங்குதான், கண்ணுக்கு அகப்படவும் செய்யாது. சிறு தொலைநோக்கியால் பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழச் செய்து பார்க்க வேண்டும். தொலைநோக்கி வாங்கும் செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே முன்மொழிகிறேன். என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். புதன் உள்ளே நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் நம் மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். அச்சிட்ட நேரத்தோடு சில விநாடிகள் ஒத்துவராமல் போனால், அதை அடிக்காமல் அப்படியே எழுதி வையுங்கள்.

 சாப்பாடு தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.